புத்தகத்தை மூடிய பிறகு

மேட்டூரில் விடியற்காலை டீக்கடைக்குப் போனால் காதில் விழும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "டேம்ல இன்னிக்கு எவ்வளவுங்க?" பதில் உடனே வரும். எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்று மூன்றும் சேர்ந்தே வரும். நேற்று எங்கே நின்றது, போன வருஷம் இதே வாரம் எங்கே நின்றது என்பதையும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவர் சேர்த்துச் சொல்வார். முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி., டெல்டாவுக்குத் திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. பள்ளிக்கூடத்துக்கே போகாத பெரியவருக்கும் இவை தெரியும். 1924இல் காவிரியில் வந்த பெருவெள்ளம், மறுவருஷம் தொடங்கிய அணை வேலை, 1934 ஆகஸ்ட் 21 திறப்பு என்று ஆண்டுகளையும் சிலர் அடுக்குவார்கள்.

இவர்களில் யாரும் இந்த எண்களை உட்கார்ந்து மனப்பாடம் செய்ததில்லை.

அதே நேரத்தில், அதே தெருவில், ஒரு வீட்டு மாடியில் பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஒரே பக்கத்தைப் பத்தாவது முறையாகச் சத்தமாகப் படித்துக்கொண்டிருப்பாள். மஞ்சள் ஸ்கெட்ச் பேனாவில் பாதிப் பக்கம் கோடு. தேர்வு நாளில் அந்தப் பக்கத்தின் நிறம் நினைவுக்கு வரும், கோடு போட்ட இடம் நினைவுக்கு வரும், கோட்டின் மேல் இருந்த வரி மட்டும் வராது. "நல்லாப் படிச்சேன்மா, வரவே மாட்டேங்குது" என்று அழுவாள். அவள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே நன்றாகத்தான் படித்தாள். படித்த முறைதான் அவளை ஏமாற்றியது.

டீக்கடைப் பெரியவருக்கு ஒட்டிக்கொண்டது, மாடியில் உள்ள பெண்ணுக்கு ஏன் ஒட்டவில்லை? நினைவைப் பற்றி மனவியல் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தேடிக் கண்ட விஷயங்களில் மிக உறுதியானது இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

டீக்கடையில் தினமும் ஒருவர் கேட்கிறார். கேட்கப்பட்டவர் எதையும் பார்க்காமல் தலைக்குள்ளிருந்து எடுத்துச் சொல்கிறார். தப்பாகச் சொன்னால் பக்கத்திலிருப்பவர் திருத்துகிறார். மறுநாள் மறுபடியும் அதே கேள்வி. அந்த எண்ணின் மேல் மீன்பிடியும் விவசாயமும் வெள்ள பயமும் தொங்குகின்றன. மாடியில் உள்ள பெண்ணை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் உள்ளே போட்டுக்கொண்டே இருக்கிறாள். வெளியே எடுத்துப் பார்க்கவே இல்லை.

அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஒரு சோதனை இதை எண்களில் காட்டியது. கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சிறு உரைநடைப் பகுதி தரப்பட்டது. ஒரு குழு அதை நான்கு சுற்று படித்தது. இன்னொரு குழு ஒரே ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, அடுத்த மூன்று சுற்றிலும் பகுதியைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு சுற்று படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். அவர்கள் 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்து வேறு மாணவர்களிடம் அதே முறையில் சோதித்தபோது கணக்குத் தலைகீழானது. நான்கு சுற்று படித்தவர்களிடம் மிஞ்சியது 40 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களிடம் 61.

அந்தச் சோதனையில் என்னை நெடுநாள் உறுத்திய செய்தி வேறொன்று. ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று மாணவர்களையே ஊகிக்கச் சொன்னார்கள். மிக அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னவர்கள், திரும்பத் திரும்பப் படித்த குழுவினர்தான். ஒரு பக்கத்தை நான்காம் முறை படிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போகிறது. அந்த வழுக்கலைத்தான் மனம் ‘தெரியும்’ என்று எடுத்துக்கொள்கிறது. பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு, பார்க்காமல் எடுத்துச் சொல்ல வருவது வேறு. தேர்வு கேட்பதும் வாழ்க்கை கேட்பதும் இரண்டாவதைத்தான்.

மேட்டூரிலிருந்து தெற்கே ஒன்றரை இரண்டு மணி நேரப் பயணத்தில் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு. மாநில ரேங்க் என்றால் ஒரு காலத்தில் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் இந்த ஊர்களின் பெயர்தான் இருக்கும். 2017இல் தமிழக அரசு ரேங்க் அறிவிப்பதையே நிறுத்தியது. அதற்கு வெகுகாலம் முன்பு, அந்த வட்டாரத்து விடுதிப் பள்ளி ஒன்றில் நானும் இரண்டு வருஷம் இருந்தேன். நாலரை மணிக்கு மணி அடிப்பார்கள். ஹால் முழுக்க நூறு பிள்ளைகள் உரக்கப் படிக்கும் இரைச்சல், இரவு பதினொன்று வரை. பிளஸ் டூ பாடத்தைப் பதினோராம் வகுப்பிலேயே தொடங்கி, இரண்டு வருஷமும் அதையே அரைத்தோம். மதிப்பெண் வந்தது. நாங்களும் எங்கள் பெற்றோரும் அந்த இரைச்சல்தான் மதிப்பெண்ணைக் கொண்டுவந்தது என்று நம்பினோம்.

இப்போது திரும்பிப் பார்த்தால், வேலை செய்தது இரைச்சல் இல்லை, ஸ்லிப் டெஸ்ட். தினமும் காலையில் அரைத்தாள் கிழித்து, நேற்றுப் படித்ததை எழுத வைப்பார்கள். வாரம் ஒன்று, மாதம் ஒன்று, ரிவிஷனில் மறுபடி ஒன்று. நூற்றுக்கணக்கான முறை நாங்கள் தலையிலிருந்து எடுத்து எழுதியிருக்கிறோம். பள்ளி அதைப் பரீட்சை என்று நினைத்தது, நாங்கள் தண்டனை என்று நினைத்தோம். உண்மையில் அதுதான் படிப்பு. தவறினால் முழங்கால் போட வைத்ததும், வரிக்கு வரி புத்தகத்தில் இருப்பதுபோலவே எழுத வேண்டும் என்றதும்தான் கெடுதி. கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் எங்களில் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. நுழைவுத் தேர்வுகளில் அது அம்பலமானது.

வரிக்கு வரி ஒப்பிப்பதுதான் உயர்ந்த நினைவு என்று நம்புகிறவர்களைக் கூத்து பார்க்க அழைத்துப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை. மேட்டூர் வட்டத்தில் ஏர்வாடி என்றொரு சிற்றூர். மு. ஹரிகிருஷ்ணன் ‘மணல்வீடு’ சிற்றிதழை நடத்துவது அங்கிருந்துதான். சுற்றுவட்டாரத்துக் கூத்துக் கலைஞர்களையும் பாவைக்கூத்துக் கலைஞர்களையும் எழுத்திலும் மேடையிலும் விடாமல் முன்னிறுத்திவருபவர் அவர். சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கக் கூத்து இரவு பத்து மணிவாக்கில் தொடங்கினால் கிழக்கு வெளுக்கும்வரை நடக்கும். ஆடுகிறவர்களில் பலர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். பகலில் கூலி வேலைக்கோ தறிக்கோ போகிறவர்கள். கையில் தாள் கிடையாது. ஒரு நாள் கர்ணன், மறுநாள் துரியோதனன், அடுத்த ஊரில் இரணியன். எட்டு மணி நேரக் கதை அவர்கள் தலைக்குள் எப்படி இருக்கிறது?

ஒரு நீளமான கயிறுபோல இல்லை. அதுதான் முதல் விஷயம். கூத்து என்பது விருத்தம், தரு, வசனம் என்று மாறி மாறி வரும் துண்டுகளால் கட்டியது. பாட்டு நிலையானது. வசனம் பெரும்பாலும் அந்த இடத்திலேயே பிறப்பது. கதையில் இன்ன இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஆடுகிறவருக்குத் தெரியும், எந்த வார்த்தையில் போவது என்பதை ஊரும் கூட்டமும் கோமாளியும் தீர்மானிப்பார்கள். காஞ்சிபுரம் பக்கத்துக் கட்டைக்கூத்தை ஆராய்ந்த டச்சு ஆய்வாளர் ஹன்னே டி புருயின் தம் நூலின் தலைப்பிலேயே அந்தக் கலையின் நெகிழ்வைத்தான் முன்வைக்கிறார். மனனம் செய்தவன் ஒரு சொல் தவறினால் விழுந்துவிடுவான். கூத்தாடி விழ மாட்டார்.

நிலையான பாட்டு எப்படி நிற்கிறது என்பதற்கு டேவிட் ரூபின் என்ற மனவியலாளர் 1995இல் வெளியிட்ட நூலில் அழகான விளக்கம் இருக்கிறது. அவர் சொன்ன கருத்தைத் தமிழில் இப்படிப் பார்க்கலாம். ‘தா’வில் தொடங்கும் ஒரு சொல் என்று கேட்டால் நூற்றுக்கணக்கில் வரும். தண்ணீரில் பூப்பது எது என்று கேட்டால் அல்லி, ஆம்பல், குவளை, தாமரை என்று நாலைந்து வரும். இரண்டையும் ஒன்றாகக் கேட்டால்? ஒரே சொல்தான் மிஞ்சும். பொருள் ஒரு பக்கம் நெருக்குகிறது, ஓசை இன்னொரு பக்கம் நெருக்குகிறது. நடுவில் நிற்கும் சொல்லுக்குத் தப்பிக்க வழியே இல்லை. தருவில் மறந்துபோன சொல்லுக்கு மோனை முதல் ஒலியைக் காட்டிக்கொடுக்கிறது, தாளம் அதன் நீளத்தைச் சொல்கிறது, கதை அதன் பொருளைச் சொல்கிறது. போதாததற்குப் பின்பாட்டுக்காரர்கள் வரியைத் திருப்பிப் பாடுகிறார்கள். அந்த ஒரு வரி நேரத்தில் அடுத்த வரி வந்து சேர்ந்துவிடுகிறது. நம் முன்னோர் மருத்துவத்தையும் இலக்கணத்தையும் நிகண்டையும் ஏன் செய்யுளில் எழுதினார்கள் என்பதற்கும் விடை இதுதான். ஏடு அரிதாக இருந்த காலத்தில் எதுகையும் மோனையும் அலங்காரமாக மட்டும் இருக்க முடியாது.

கொங்கு நாட்டின் அண்ணன்மார் கதையை 1965இல் காங்கயம் அருகே ஓலப்பாளையத்தில் பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் ஒலிநாடாவில் பதிவு செய்தார். பாடி முடிக்க 18 இரவுகள், சுமார் 38 மணி நேரம் ஆனது. இதே போன்ற வியப்பு ஐரோப்பாவிலும் நடந்திருக்கிறது. 1930களில் யுகோஸ்லாவியாவில் மில்மன் பாரி என்ற ஆய்வாளரும் அவர் மாணவர் ஆல்பர்ட் லார்டும் எழுதப் படிக்கத் தெரியாத கதைப்பாடகர்களைப் பதிவு செய்தார்கள். அவ்தோ மெஜெதோவிச் என்ற பாடகர் சொன்ன ஒரே கதை 12,000 வரிகளுக்கு மேல் நீண்டது. கேட்டதை வார்த்தை மாறாமல் அப்படியே பாடுவோம் என்று அந்தப் பாடகர்கள் சத்தியம் செய்தார்கள். பதிவுகளை ஒப்பிட்டால் ஒவ்வொரு முறையும் வார்த்தைகள் வேறு. கதை மட்டும் வழுவாமல் நின்றது. அவர்கள் ஒப்பிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டினார்கள், கட்டும் விதிகள் மனதில் இருந்தன.

கூத்தாடிக்கு இன்னொரு துணையும் உண்டு, உடம்பு. கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் நிற்கும்போதே ஆள் மாறத் தொடங்குகிறார். அடி வைக்கும்போது பாட்டு வருகிறது. நாடக நடிகர்களின் நினைவை நெடுங்காலம் ஆராய்ந்த ஹெல்கா நாய்ஸ், டோனி நாய்ஸ் தம்பதியர் கண்டதும் இதுதான். தேர்ந்த நடிகர் வசனத்தை உருப்போடுவதில்லை. இவன் இதை ஏன் இப்போது சொல்கிறான், இவளிடமிருந்து எதைப் பெறப் பார்க்கிறான் என்று வரி வரியாகத் துருவிக் கேட்கிறார். அப்படிக் கேட்டுக்கொண்டே போனதில் வார்த்தைகள் தாமாக ஒட்டிவிடுகின்றன. நாடகம் முடிந்து மாதங்கள் கழித்துச் சோதித்தபோது, நடந்துகொண்டும் திரும்பிக்கொண்டும் பேசிய வசனங்கள், அசையாமல் நின்று பேசியவற்றைவிட நன்றாக நினைவில் இருந்தன. உயிரியல் பாடத்தில் இதயத்தின் நான்கு அறைகளைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து, பிள்ளைகளையே ரத்தமாக நடக்கவிடும் ஆசிரியர்கள் நம் அரசுப் பள்ளிகளில் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது விளையாட்டு இல்லை, நல்ல அறிவியல்.

ஏன் என்று கேட்பதற்கு இத்தனை பலன் இருப்பதற்குக் காரணம் எளிது. தனியாகக் கிடக்கும் செய்திக்கு வழி ஒன்றுதான். பத்து விஷயங்களோடு பின்னப்பட்ட செய்திக்குப் பத்து வழி.

இனி மறதிக்கு வருவோம். ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட நூலுக்கு ஆய்வாளரும் அவரே, சோதிக்கப்பட்டவரும் அவரே. பொருளற்ற அசைகளைப் பட்டியலாக மனனம் செய்து, இடைவெளி விட்டு, மறுபடி மனனம் செய்ய எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று அளந்தார். இருபது நிமிடம் கழித்து 58 சதவீதம் மிச்சம். ஒரு மணி நேரத்தில் 44. ஒரு நாளில் 34. ஒரு மாதம் கழித்து 21. மறதி முதல் நாளிலேயே பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது, பிறகு மெதுவாகிறது. ஒரேயடியாகப் படிப்பதைவிட நாட்களில் பரப்பிப் படித்தால் உழைப்பு குறைகிறது என்பதையும் அவரே கண்டார்.

இதை விளக்க எங்கள் ஊர்க்காரருக்கு வேறு உவமை தேட வேண்டியதில்லை. காவிரித் தண்ணீர் போதாத வருஷங்களில் முறை வைத்து விடுவார்கள். சில நாள் திறப்பு, சில நாள் அடைப்பு. வயல் கொஞ்சம் காயும், பிறகு தண்ணீர் வரும், பயிர் பிடித்துக்கொள்ளும். எல்லாத் தண்ணீரையும் ஒரே இரவில் திறந்தால் வயல் குடிக்காது, கடலுக்குத்தான் போகும். தேர்வுக்கு முந்தைய இரவு முழுக்க விழித்துப் படிப்பது அந்தத் திறப்புதான்.

எத்தனை நாள் அடைப்பு விட வேண்டும்? 2008இல் செபீடாவும் குழுவினரும் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். கேட்கப்போகும் நாள் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதற்கேற்ப இடைவெளியும் நீள வேண்டும் என்பது முடிவு. ஒரு வாரத்தில் தேர்வு என்றால் ஓரிரு நாள் இடைவெளி. ஒரு மாதம் கழித்து என்றால் ஒரு வாரம்போல. ஒரு வருஷம் நிற்க வேண்டும் என்றால் மூன்று நான்கு வாரம். துல்லியமான வாய்ப்பாடாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம், திசைகாட்டியாகப் போதும். கொஞ்சம் மறந்த பிறகு திரும்பி வருவதுதான் சரியான நேரம். முயன்றால் வரும், ஆனால் முயல வேண்டும் என்ற நிலையில் எடுத்தால்தான் வேர் இறங்குகிறது.

ராபர்ட் பியோர்க், எலிசபெத் பியோர்க் தம்பதியர் 1992இல் முன்வைத்த கருத்து இதைத் தெளிவாக்குகிறது. ஒரு நினைவுக்கு இரண்டு வலிமைகள் உண்டு என்றார்கள். எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பது ஒன்று. இந்த நிமிடம் எவ்வளவு எளிதாகக் கைக்கு வருகிறது என்பது மற்றொன்று. இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டியதில்லை. சின்ன வயதில் குடியிருந்த வீட்டின் கதவு எண் இன்று வராது, ஆனால் அந்தத் தெருவில் நுழைந்ததும் வந்துவிடலாம். அது அழியவில்லை, மூழ்கியிருந்தது.

மூழ்குவதைப் பற்றி மேட்டூருக்குத் தெரியும். அணை கட்டியபோது பல ஊர்கள் தண்ணீருக்குள் போயின. அங்கிருந்த மக்கள் வீட்டையும் கோயிலையும் விட்டு மேடேறினார்கள். நீர்மட்டம் நன்றாக இறங்கும் கோடைகளில் பண்ணவாடிப் பரிசல் துறைப் பக்கம் போனால் பழைய ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி தலை காட்டும், தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம் வெளியே தெரியும். ஊர் அங்கேயேதான் இருக்கிறது. கண்ணில் படாமல் இருந்தது, அவ்வளவுதான்.

மூழ்கிய நினைவை மேலே கொண்டுவருவது துப்பு. வாசனை, இடம், முதல் எழுத்து, யாருடன் இருந்தோம் என்பது, எதுவும் துப்பாகலாம். 1975இல் காடன், பாட்லி என்ற இருவர் நீர்மூழ்கு வீரர்களுக்குச் சொற்பட்டியல்களைக் கற்பித்தார்கள். தண்ணீருக்கு அடியில் கற்றது தண்ணீருக்கு அடியிலும், கரையில் கற்றது கரையிலும்தான் நன்றாக நினைவுக்கு வந்தது. பாடநூல்களில் இன்றும் இடம்பெறும் சோதனை இது. ஆனால் 2021இல் திரும்பச் செய்து பார்த்தபோது அதே விளைவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதனால் தேர்வு எழுதப்போகும் அறையிலேயே போய்ப் படிக்க வேண்டுமோ என்று யாரும் கவலைப்பட வேண்டாம். இடம் மாற்றி மாற்றிப் படிப்பவருக்கு ஒரே இடத்தின் துணை தேவைப்படுவதே இல்லை. சொல் தொண்டைக்குழியில் நிற்கும்போது பதறாமல் பக்கத்துத் துப்பு ஒன்றைத் தேடுவது பலன் தரும். அந்தப் பாடத்தை யார் நடத்தினார், அதற்கு முந்தைய பாடம் எது, படம் பக்கத்தின் எந்த மூலையில் இருந்தது என்று தேடிப் பாருங்கள்.

துப்புகளை நாமே முன்கூட்டி நட்டு வைக்க முடியும். கிரேக்கக் கவிஞர் சைமனிடீஸ் பெயரால் சொல்லப்படும் இட முறை அதுதான். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ரோமானியப் பேச்சாளர் சிசரோ அதை எழுதிவைத்தார். நன்றாகத் தெரிந்த ஒரு வழியில் மனதால் நடந்து, நினைவில் வைக்க வேண்டியவற்றை ஒவ்வொரு இடத்திலும் ஒரு படமாக வைக்க வேண்டும். திரும்ப எடுக்க அதே வழியில் இன்னொரு முறை நடந்தால் போதும்.

மின்காந்த நிறமாலையை எடுத்துக்கொள்வோம். அலைநீளம் குறைந்துகொண்டே போகும் ஏழு வகைகள். மேட்டூர்ப் பேருந்து நிலையத்தில் இறங்குகிறேன். ஒரு பஸ்ஸின் கூரை மேல் பஸ் அளவுக்கே ஒரு பழைய ரேடியோ அலறுகிறது. டீக்கடைக்குள் நுழைந்தால் மாஸ்டர் டீயைப் பாய்லரில் போடாமல் மைக்ரோவேவ் பெட்டிக்குள் தள்ளுகிறார். அணைப் பக்கம் மீன் வறுக்கும் கடையில் கல்லின் அனல் முகத்தில் அடிக்கிறது, எண்ணெய்க்குள் மீன் செக்கச் சிவந்து கிடக்கிறது: அகச்சிவப்பு. பூங்கா வாசலில் நீரூற்றின் மேல் வானவில், ஏழு நிறமும் கண்ணுக்குத் தெரிகிறது: கட்புலன் ஒளி. அணை மேல் ஏறினால் உச்சி வெயிலில் தோல் கருத்து உரிகிறது: புறஊதா. 16 கண் மதகைப் பார்க்கிறேன். வரிசையாக நிற்கும் தூண்கள் படுத்திருக்கும் ராட்சதனின் விலா எலும்புகளாகத் தெரிகின்றன: எக்ஸ் கதிர். கடைசியாக அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. அதன் உச்சியில் யாரோ காமாட்சி விளக்கு ஏற்றி வைத்திருக்கிறார்கள்: காமா. படம் எவ்வளவு வினோதமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஆனால் என் வழி உங்களுக்கு உதவாது. உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை உள்ள வழி உங்களுடையது, அதில் நீங்களே படம் போட வேண்டும்.

இந்த முறைக்கு வலுவான சான்று உண்டு. உலக நினைவுப் போட்டிகளில் முன்னணியில் இருப்பவர்களை எலனோர் மகுவயரும் குழுவினரும் 2003இல் ஆராய்ந்தார்கள். அவர்களுடைய அறிவுத்திறன் மற்றவர்களைவிட உயர்ந்ததாக இல்லை, மூளையின் அமைப்பிலும் வேறுபாடு தெரியவில்லை. அவர்களில் ஏறக்குறைய எல்லாருமே இட முறையைக் கையாண்டவர்கள். 2017இல் மார்ட்டின் டிரெஸ்லர் குழுவினர் சாதாரண ஆட்களுக்குத் தினமும் அரை மணி வீதம் ஆறு வாரம் இதில் பயிற்சி கொடுத்தார்கள். 72 சொற்களில் முப்பதைக்கூட எட்டாதவர்கள் அறுபதைத் தாண்டினார்கள்.

எல்லை எங்கே என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இடம் பட்டியலைக் காக்கும், பாடத்தைப் புரியவைக்காது. 1980இல் எரிக்சன், சேஸ் உள்ளிட்டோர் எழுதிய ஆய்வில் ஒரு கல்லூரி மாணவர் வருகிறார். ஒருமுறை கேட்டு ஏழு இலக்கம்தான் திருப்பிச் சொல்ல முடிந்தவர், 230 மணி நேரப் பயிற்சிக்குப் பின் 79 இலக்கங்களை எட்டினார். அவர் ஓட்டப்பந்தய வீரர். இலக்கங்களை ஓட்ட நேரங்களாக மாற்றிக் கொத்துக் கொத்தாகக் கட்டிக்கொண்டார். எண்ணுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தார்கள். ஆறு எழுத்தில் நின்றுபோனார். பலவீனமான தசையைப் பலப்படுத்துவதுபோல ‘நினைவாற்றலை’ மொத்தமாக வளர்த்துவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். நமக்கு ஏற்கனவே நன்றாகத் தெரிந்த ஒன்றோடு புதியதைக் கட்டத்தான் முடியும். நாஞ்சில் நாட்டின் செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில், ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனித்து விடை சொல்லும் சதாவதானத்தைச் செய்து காட்டினார். அவருக்குப் பின்னால் இருந்தது வரமோ மருந்தோ இல்லை. சிறு வயது முதல் ஊறிய தமிழ் யாப்பும் ஓயாத பழக்கமும்தான். அவையோர் கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா சொல்ல, வெண்பா அவருக்கு வீடாக இருந்திருக்க வேண்டும்.

மருந்து என்றதும் ஒரு சொல். தேர்வு மாதங்களில் நினைவாற்றல் மாத்திரை, லேகியம், ‘மிட் பிரெய்ன்’ பயிற்சி என்று பெற்றோரின் பயத்தை விற்றுப் பிழைக்கும் விளம்பரங்கள் பெருகுகின்றன. வல்லாரையைக் கீரையாகத் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது. மதிப்பெண்ணுக்காக அந்தப் புட்டிகளுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

இலவசமாகக் கிடைக்கும் மருந்து தூக்கம். காவிரியில் பெருவெள்ளம் வந்த அதே 1924இல் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர், மனனம் செய்தபின் தூங்கியவர்கள் விழித்திருந்தவர்களைவிடக் குறைவாக மறக்கிறார்கள் என்று காட்டினார்கள். அதன் பிறகு நூறு ஆண்டு ஆய்வுகள் அதை மேலும் உறுதிப்படுத்தியிருக்கின்றன. பகலில் சேர்ந்ததை மூளை தூக்கத்தில்தான் அடுக்கி வைக்கிறது. இரவு பதினொன்றுக்குப் படுக்கவைத்து நாலரைக்கு எழுப்பும் விடுதி, பிள்ளை அன்று படித்ததில் ஒரு பங்கைத் தன் கையாலேயே அழிக்கிறது. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். நானும் என் நண்பர்களும் இழந்த தூக்கத்துக்கு யாரிடமும் கணக்கு இல்லை.

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் விடுதி நடத்துபவர்களிடமும், வீட்டில் பிள்ளைகளை வைத்துப் படிக்கவைக்கும் பெற்றோரிடமும் கேட்பது இவ்வளவுதான். இரவுப் படிப்பு மூன்று மணி நேரம் என்றால் கடைசி ஒரு மணி நேரம் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் நினைவுக்கு வந்ததை எழுதட்டும், பிறகு புத்தகத்தைத் திறந்து தாங்களே திருத்திக்கொள்ளட்டும். அந்தத் தாளுக்கு மதிப்பெண் போடாதீர்கள், தவறுக்குத் தண்டிக்காதீர்கள். போன வாரத்துப் பாடத்திலிருந்து இரண்டு கேள்வி, போன மாதத்திலிருந்து ஒன்று தினமும் கேளுங்கள். புத்தகத்து வார்த்தையில் வேண்டாம், அவர்கள் வார்த்தையில் சொல்லட்டும். பத்து மணிக்கு விளக்கை அணையுங்கள்.